ராகு காலமும் பட்ஜெட்டும்

மார்ச் மாதக் கடைசி நாள். லஸ்ஸில் கிளம்பிய டிராம் ராயப்பேட்டையில் சட்டென்று நின்றது. எனக்கு முன் பெஞ்சில் ஒரு மாமனாரும் மாப்பிள்ளையும். நான்கு கால்களும் தரையில் நிலைகொள்ளவில்லை.

“செவ்வாய்க்கிழமை நாலரை வரைக்கும் ராகு காலம். அதுல போய் யாராவது வேலையில சேருவாளோ?” என்றார் மாமனார்.

“யுனிவர்சிட்டியில இந்த வேலைக்கு ஒதுக்கின பணம் இன்னியோட காலாவதி, மாமா. நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டாகணும்.”

“நாளைக்குப் போட்டா?”

“நாளைக்குப் புது பட்ஜெட். அதுல இந்த வேலையே இல்லை.”

“ஒரு நாள் தள்ளிவைக்கச் சொல்லப்படாதோ?”

“நீங்க ராகுவைத் தள்ளிவைக்கச் சொன்னேளா?”

“மேல கரண்டு கம்பி கயண்டுகிச்சு நைனா, கொஞ்சம் பொறு,” என்றார் கண்டக்டர்.

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே குதித்து ஓடினார். மாமனார் வெளியே தலை நீட்டிக் கத்தினார்:

“வலது காலை முன்னாடி வச்சு உள்ளே போங்கோ, மாப்ளே!”