வெள்ளை வில்லைகள்

கண்ணுக்கு முன்னால் இருக்கும் பொருளைத் தேடுவதில் என் கணவரை மிஞ்ச ஆள் கிடையாது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுவார். வேலையில் அப்படி இல்லை. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியில், இருட்டுக்குள் கையை விட்டு, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று விரலாலேயே சொல்லிவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் கவனத்தையும் கழற்றி வைத்துவிட்டு வருவார் போலிருக்கிறது.

"ஏம்மா, சாவி எங்க?"

"டிவி பக்கத்துல."

"பர்ஸு?"

"நேத்துப் போட்ட பேண்ட்டுல பாருங்க."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் நாங்கள் பேசியதில் பாதி இதுதான். உங்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம், மேடம். எனக்கு அப்படி இல்லை. நான் வேலை பார்ப்பது மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக் கருவிகள் இருக்கும் அறையில். கத்தரிக்கோல், இடுக்கி, ஊசி எல்லாம் எண்ணி உள்ளே போகும், எண்ணி வெளியே வரும். ஒன்று குறைந்தாலும் நோயாளியைத் தைத்து மூட விடமாட்டேன். பெரிய பெரிய டாக்டர்கள்கூட நான் தலையாட்டும்வரை காத்திருப்பார்கள். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவளுக்கு ஒரு மரியாதை உண்டு. வீட்டிலும் அது எனக்கு இருந்தது.

அதைக் கெடுத்தவள் என் மகள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள், அவளைக் குறை சொல்லவில்லை. வெளியூரில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது அப்பாவுக்கென்று ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே நான்கு வெள்ளை வில்லைகள், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை. டிராக்கர் என்றாள். சாவி வளையத்தில் ஒன்று, பர்ஸில் ஒன்று, கண்ணாடிக் கூட்டில் ஒன்று, வேலைப் பையில் ஒன்று. போனில் 'சாவி' என்பதைத் தொட்டால் சாவி எங்கே கிடந்தாலும் குருவி மாதிரிக் கத்தும். வெளியே எங்காவது விட்டுவிட்டு வந்தால் அந்த இடத்தை வரைபடத்தில் காட்டும்.

"அப்பா, இனிமே சும்மா சும்மா அம்மாவ கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க," என்றாள்.

அவர் போனையே தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று என் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு மூன்று வாரம் அவர் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. நான் அடுப்படியில் நிற்பேன். கூடத்தில் குருவி கத்தும். கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

நான்காவது வாரம், சாப்பிட்டுக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். துறைமுக நகரத்தில் புதிதாக வரும் லிஃப்ட் பயிற்சி நிலையத்தில் மூன்று வருடம் பாடம் நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"நான் எப்படி வர முடியும்? எனக்கு வேலை இருக்கே," என்றேன்.

"நீ எதுக்கு வரணும்? மாசம் ஒரு தடவை நான் வந்துட்டுப் போறேன். இப்பல்லாம் நானே சமாளிச்சுக்கறேனே, பாக்கறியா இல்லையா?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவர் மாதிரி இருந்தார்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போயிருந்தபோது சாவியில் இருந்த வில்லையைக் கண்ணாடிக் கூட்டிலும், கண்ணாடிக் கூட்டில் இருந்ததைச் சாவியிலும் மாற்றிப் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணாடிக் கூட்டை ஃபிரிட்ஜில் தக்காளிக்குப் பின்னால் வைத்தேன். அவர் சாவியைத் தேடினார். ஃபிரிட்ஜுக்குள் குருவி கத்தியது. திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஏம்மா, இத நானா இங்க வெச்சேன்?"

"வேற யாருங்க வெப்பா?"

பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அவர் சமையலறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எத்தனையோ நாளாயிற்று அப்படி உட்கார்ந்து.

ஒரு தடவையோடு விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். விட்டிருந்தால் அவர் துறைமுகத்துக்குப் போயிருப்பார்.

அடுத்தது பர்ஸ். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அதை என் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் பஸ் போகும் வழியில் ஒரு வங்கிக் கட்டடம் இருக்கிறது. முந்தின வாரம் அங்கேதான் லிஃப்ட் பார்த்திருந்தார். கீழே ஆட்கள் உட்காரும் பெஞ்சில் பர்ஸை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். காவலாளி அதை எடுத்து மேசைக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறார். மத்தியானம் இவர் எனக்குப் போன் செய்தார்.

"பர்ஸு அந்த பேங்க்ல இருக்குன்னு காட்டுது. நான் இன்னைக்கு அந்தப் பக்கமே போகலயே."

"போயிருப்பீங்க. நிதானமா யோசிச்சுப் பாருங்க."

அன்று போன இடங்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு, "ஆமா, போயிருப்பேன்," என்றார்.

நான் அவரை எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரே ஒத்துக்கொண்டார்.

டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, இந்த வயதுக்கு இதெல்லாம் சகஜம் என்றார் அந்த டாக்டர். சின்ன வயதுக்காரர். இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இவர் இரண்டு தடவை கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் போய்விட்டார் என்று நான் சொன்னேன். அது நடக்கவில்லை. ஆனால் நடந்திருக்கக்கூடியதுதான். டாக்டர் மாத்திரை எழுதினார். தினமும் என் கையால்தான் கொடுத்தேன். அதைப் போட்டால் பகலெல்லாம் தூக்கமாக வருகிறது என்பார்.

அப்படியும் அவர் துறைமுக வேலையை விடவில்லை. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஸ்பேனர்.

அவருடைய வேலைப் பையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தோல் வளையம் உண்டு. அதிலிருந்து ஒரே ஒரு ஸ்பேனரை எடுத்தேன். அன்று அவர் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தார். பையைத் திறந்தவர் காலியான வளையத்தைப் பார்த்தார். ஸ்பேனரை லிஃப்ட் பெட்டியின் தலைமேல் விட்டுவிட்டு வந்தால் அது எப்போது வேண்டுமானாலும் சரிந்து எங்காவது சிக்கும், உள்ளே ஆள் இருக்கும்போதும் சிக்கும். உடனே போன் போட்டு லிஃப்டை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினார். மறுநாள் மத்தியானம் வரைக்கும் தேடினார். ஒன்பதாவது மாடியிலிருந்து ஒரு வயதான அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் படிவழியே தூக்கி இறக்கினார்களாம். அந்த நேரமெல்லாம் ஸ்பேனர் என் கைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு மருத்துவமனையில் பழைய இரும்பு போடும் தொட்டியில் போட்டேன்.

திருப்பி வைத்திருக்கலாம். ஆனால் என் வேலையில் நான் கற்றது ஒன்று உண்டு. கிடைத்த பொருளை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கிடைக்காத பொருள் மனிதனைத் தூங்கவிடாது.

கையெல்லாம் கிரீஸோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"லிஃப்டுக்குள்ள ஸ்பேனர விட்டுட்டு வர்றவன் இனி லிஃப்டத் தொடக்கூடாதும்மா," என்றார்.

இருக்கிற வேலைக்கு ஒன்று, துறைமுகத்துக்கு ஒன்று என்று இரண்டு கடிதம் எழுதினார். இரண்டையும் நான்தான் தபாலில் சேர்த்தேன்.

அதன் பிறகு ஒன்றரை வருடம். என் வாழ்க்கையில் அதைப் போல நல்ல காலம் இருந்ததில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். காலையில் நான் எடுத்து வைத்த சட்டையைப் போடுவார். வாசல்வரை போவதென்றாலும் என்னைக் கேட்டுவிட்டுப் போவார். மருத்துவமனையிலிருந்து நான் திரும்பும் நேரத்துக்கு ஜன்னலோரம் நிற்பார். எத்தனை பெண்களுக்கு இது கிடைக்கிறது? வில்லைகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆனாலும் மாதத்துக்கு ஒரு முறை எதையாவது இடம் மாற்றி வைப்பேன். வேண்டுமென்று இல்லை. பழகிவிட்டது.

பதினோரு நாளைக்கு முன் வேலை முடிந்து வந்தேன். ஜன்னலில் ஆள் இல்லை. சாப்பாட்டு மேசையில் நான்கு வில்லைகளையும் வரிசையாகக் கழற்றி வைத்திருந்தார். கூடவே ஒரு காகிதம். அது இப்போது உங்களிடம் இருக்கிறது, எனக்கு மனப்பாடம். 'உன்னையே யாரென்று கேட்கும் நாள் வருவதற்குள் நான் போய்விடுகிறேன். பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டாய். உன் ஆயுளை இதற்குமேல் நான் தின்னக்கூடாது. தேடாதே.'

மகள் வந்தாள். அப்பா போகக்கூடிய இடம் ஏதாவது தெரியுமா என்று என் போனில் டிராக்கர் காட்டிய பழைய இடங்களையெல்லாம் பார்த்தாள். அது எதையும் அழிப்பதில்லையாம். பர்ஸ் ஒரு நாள் காலை ஏழேகாலுக்கு என் பஸ் போகும் வழியிலேயே போய், வங்கியில் இறங்கியிருந்தது. அன்று அவள் பிறந்தநாள். அதே ஏழேகாலுக்கு அவள் அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு வீட்டிலிருந்து அவளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்மா, நீயா?"

"ஆமா."

கத்துவாள் என்று நினைத்தேன். போனைக் கீழே வைத்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாள். பிறகு ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டாள்.

எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். யாரும் தூண்டவில்லை. நல்ல நினைவோடு இருந்த மனிதரை நினைவு தப்பியவர் என்று நம்பவைத்தேன். இதற்கு உங்கள் சட்டத்தில் என்ன பெயர் இருக்கிறதோ போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வருத்தப்படுகிறேன் என்று மட்டும் எழுத வேண்டாம். ஒரு வேளை சாப்பாட்டுக்காவது அவரைத் தவிக்க விட்டேனா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

அவர் கிடைத்ததும் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லப்போவதாக மகள் சொல்லியிருக்கிறாள். தாராளமாகச் சொல்லட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள். ஆனால் மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள், அவராகப் போட்டுக்கொள்ளமாட்டார். அப்புறம் என்னிடம் கூட்டிவந்து விடுங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் மறுநாளே மறந்துவிடுவார், பாவம்.