கரிச்சானுக்கு ஒரு வெடி

– ஆத்தாடி, காதே அடைச்சுப்போச்சு. ஏலே கருப்பணா, கம்புக்காட்டுக்குள்ள நின்னு என்னலே வெடி போடுற?

– நாந்தான் மதினி, பயப்படாதீக. தீபாவளிக்கு மிஞ்சின அணுகுண்டு. கம்பு கதிர் பால் பிடிச்சிருக்குல்லா, மைனாக் கூட்டம் வந்து அள்ளிட்டுப் போகுது.

– அப்ப நாலு நாளா கேக்குற சத்தம் நீதானா? பட்டாசுக் கம்பெனியில வெடி சோதிக்காகன்னுல்ல நெனச்சேன். உன் கம்ப மைனா தின்னா ரெண்டு படி குறையும். என் பருத்திய புழு தின்னா வெள்ளாமையே போச்சு. கரிச்சான் குருவி வந்து உக்காந்து புழுவப் பொறுக்கட்டும்னு காடு முழுக்க குச்சி நட்டு வச்சிருக்கேன். நீ பக்கத்துல குண்டு போட்டா எப்படிலே வரும்?

– மருந்து அடிச்சா ஒரே நாள்ல புழு காலி. அத விட்டுட்டுக் கரிச்சானக் கையெடுத்துக் கும்பிடுறீக. வெம்பக்கோட்டை டீக்கடையில உங்க காட்டப் பத்தித்தான் பேச்சு. ஓரத்துல ஆமணக்கு, ஊடால தட்டப்பயறு, நடுவுல பருத்தி. கூட்டாஞ்சோறு வெதச்சிருக்காகன்னு சிரிக்கானுக.

– சிரிக்கட்டும். புழுவோட தாய்ப்பூச்சி ஆமணக்குல போயி முட்டை வைக்கும், அந்த இலைய நான் கிள்ளிப் போட்டுருவேன். தட்டப்பயறுக்குப் பொறிவண்டு வரும், அது அசுவினியத் திங்கும். டீக்கடைக்கு இது வெளங்குமா?

– அண்ணனுக்கு வெளங்குச்சா?

– அவுகளுக்கா? காயில ஓட்டை தெரிஞ்சா வெள்ளிக்கிழமை சாயந்தரம் மருந்துதான்னு சொல்லிட்டாக. இன்னைக்குத்தான் வெள்ளி. மருந்தடிக்கிற டேங்க்குல வாஷர் போச்சுன்னு திங்கக்கிழமை சாத்தூருக்குத் தூக்கிட்டுப் போனாக. அத வாங்கியாரேன்னு இன்னைக்கு மத்தியானம் பஸ் ஏறியிருக்காக.

– வந்தா அடிச்சுட்டுப் போறாக. ஒருநாள் வேலதான மதினி.

– போன வருசம் அந்த ஒருநாள் வேலையிலதான் வாயில நொரை தள்ளி வரப்புல விழுந்தாக. தூக்கிட்டு ஓடினதே நீதான, மறந்துட்டியா? எதிர்காத்துல நின்னு அடிக்காதீகன்னா கேக்குற மனுசனா? அந்த டேங்க இன்னொரு வாட்டி அவுக முதுகுல பாக்க என்னால ஆகாதுலே. இம்புட்டும் அதுக்குத்தான்.

– சரி சரி, அழாதீக.

– யாருலே அழுதா? உன் வெடிப்புகை கண்ணுல பட்டுருச்சு. மிச்ச வெடிய இங்கன குடு.

– தாரேன். இந்த ஒண்ணு மட்டும்... தள்ளி நில்லுங்க.

– ஏலே, பத்தவைக்காத... பாவிப்பய, போட்டுட்டானே.

– காதுல இருந்து கைய எடுத்துட்டு உங்க காட்டப் பாருங்க.

– என்னத்தப் பாக்க, எல்லாம் பறந்து... என்னலே இது? குச்சிக்குக் குச்சி கரிச்சான் உக்காந்திருக்கு. மைனா செடிக்குள்ள எறங்குது.

– மேக்க வெடிச்சா கிழக்கதான பறக்கும். கிழக்க உங்க பருத்தி. உக்காரக் குச்சி, திங்கப் புழு. பெறகு ஏன் தாண்டிப் போகுது? நாலு நாளா மேக்கு வரப்புல நின்னுதான் போடுறேன். காயப் பாத்தீகளா, இல்லையா?

– காலையில பாத்தேன். புழு நல்லாவே குறைஞ்சிருக்கு. ஒண்ணு ரெண்டு மிச்சம் கெடக்கே, அது உங்கண்ணன் கண்ணுல படுமேன்னுதான் பதறுது. ஆமா, இம்புட்டு புத்தி உனக்கு ஏதுலே? பீடிக்கே அடுத்தவன் சட்டைப்பையத் தடவுற ஆளு, பெட்டி பெட்டியா வெடி எப்படி வாங்கின?

– புத்தியும் எனக்குச் சொந்தமில்ல, வெடியும் சொந்தமில்ல. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காக.

– அந்தா பாரு, தார்ரோட்டுல பஸ் வந்து நிக்குது. டேங்கோட எறங்கப் போறாக, இப்ப என்னலே ரகசியம் உனக்கு?

– டேங்க் வராது மதினி. திங்கக்கிழமையே அத வித்துட்டுத்தான் அண்ணன் இந்த வெடிய வாங்கிக் குடுத்து, மேக்க நின்னு போடுலேன்னு சொன்னாக.