நெய்னா பாயின் சிவப்பு நூல்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் திருமதி முத்தாயி அவர்களே! பயிற்றுநர் சுந்தரேசன் அவர்களே! முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும், மறைந்த தலைவரின் அருமை மகள் ஜரீனா அவர்களே! தேக்கா சந்தையில் கடையடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகர்களே! ஆங் மோ கியோவிலிருந்து என்னோடு பேருந்தில் வந்த நண்பர்களே! கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், எப்போது எழுந்து போகலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் தேக்கா காளைகள் ரக்பி குழுவின் ஆட்டக்காரர்களே! உங்கள் எல்லாருக்கும் லாசரஸின் வணக்கம்.

நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்கு மேல்தான் எழுதக் கற்றேன். இந்தத் தாளில் உள்ளதெல்லாம் என் கையெழுத்து. இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லி மகிழக்கூடாதுதான். ஆனால் நெய்னா பாய் இருந்திருந்தால், தாளை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அழத் தொடங்கியிருப்பார்.

யாரை இழந்திருக்கிறோம் நாம்? தேக்கா மாடியில் தையல் கடை வைத்திருந்த ஒருவரையா? அவரை இழந்தது தேக்கா. நாம் இழந்தது நம் ஆதரவாளர் மன்றத்தின் தலைவரை! தோற்றுவிட்டு வந்த குழுவைத் தோளில் தட்டி வீட்டுக்கு அனுப்பிய நெய்னா முகம்மதை! அவர் படத்துக்கு நாம் மாலை போடவில்லை. அவருக்கு அது வழக்கமில்லை. அவருடைய அளவு நாடாவைத்தான் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

மன்றம் எப்படித் தொடங்கியது என்று கடைக்காரர்கள் சிலருக்குத் தெரியாது. ரக்பியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினால் புள்ளி. அதற்குப் பெயர் ‘ட்ரை’. இது இன்று நமக்குத் தெரியும். அன்று யாருக்குத் தெரியும்? கிழிந்த சட்டைகளைத் தைக்கக் கொண்டுவந்த பிள்ளைகள் அழைத்தார்கள் என்று பாய் எங்களையும் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போனார். சுந்தரேசன் சொன்னார்: “ட்ரை போடுறவங்களுக்கு ஏதாவது பரிசு கொடுங்க பாய். பசங்க நல்லா ஆடுவாங்க.”

பாய் முத்தாயி அம்மையாரிடம் திரும்பினார். “ட்ரைன்னா என்னம்மா?”

“இதுகூடத் தெரியாதா பாய்? ட்ரைன்னா முயற்சி.”

அம்மையார் அவர்களே, நீங்கள் தலையைக் குனியவேண்டாம். அந்த ஒரு தவறுதான் இந்த மன்றத்தைக் கட்டியது!

அன்று காளைகள் படுதோல்வி. ஒரு புள்ளிகூட இல்லை. ஆட்டம் முடிந்ததும் பாய் பையோடு திடலுக்குள் நடந்தார். சேற்றில் உட்கார்ந்திருந்த குழுத் தலைவர் கீத்தின் முன்னால் போய் நின்றார்.

“கழட்டுப்பா சட்டைய. பரிசு தரணும்.”

“அங்கிள், நான் ட்ரை போடவே இல்ல. பந்து கையவிட்டு நழுவிடுச்சு லா.”

“ட்ரை பண்ணியா இல்லியா?”

“பண்ணேன்...”

“அப்புறம் என்ன? கழட்டு.”

பரிசு என்ன தெரியுமா? கிழிந்த இடத்தைத் தைத்துக் கொடுத்தார். நீலச் சட்டையில், பளிச்சென்ற சிவப்பு நூலில்! நீல நூல் இல்லையா அவரிடம்? கடை முழுக்க நூல்தானே! நான் கேட்டேன். “பாய், இது அசிங்கமா தெரியுதே?”

“தெரியட்டும் அண்ணே. மறைக்கிறதுக்கா தைக்கிறேன்?”

பிறகு யாரோ அவருக்கு ட்ரைக்கு உண்மையான அர்த்தத்தைச் சொன்னார்கள். வழக்கத்தை மாற்றினாரா? மாற்றவில்லை. “புள்ளி போட்டவனுக்கு நடுவர் கொடுப்பாரு. நழுவவிட்டவனுக்கு யாரு கொடுப்பா?” என்று கேட்டார். அன்றிலிருந்து நம் குழுவில் யார் சட்டையில் சிவப்பு அதிகமோ அவரே பெரிய ஆட்டக்காரர்.

எதிரணியின் ஆதரவாளர் ஒருவர் நம்மை ஒருமுறை கிண்டல் செய்தார். “என்ன பாய், உங்க ஆளுங்க எல்லாம் ஒட்டுப் போட்ட சட்டையோட வந்திருக்காங்க?” பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க ஆளுங்க சட்டை கிழியவே இல்லியே தம்பி. இன்னும் ஆட ஆரம்பிக்கலியா?” அந்த மனிதர் அடுத்த ஆண்டு நம் மன்றத்தில் சேர்ந்துவிட்டார். இதோ, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

கைதட்டுவது மட்டுமா ஆதரவு? நம் ஆட்டக்காரர் ரிஸ்வானுக்குச் சனிக்கிழமையானால் அவர் அப்பாவின் உணவுக்கடையில் வேலை. ஆட வரமுடியாது. பாய் எங்களுக்கு முறை வைத்தார். ரிஸ்வான் திடலில் ஓடுவார். மன்றத்தில் ஒருவர் அவருக்குப் பதிலாகக் கடையில் தட்டுக் கழுவுவார். நான் கழுவிய நாளில்தான் ரிஸ்வான் தன் முதல் ட்ரையைப் போட்டார். நான் அதைப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ட்ரையில் பாதி என்னுடையது என்று பாய் ஊரெல்லாம் சொன்னார். இன்னொரு ஆட்டக்காரர் ரயன் தோள்பட்டை உடைந்து கிடந்தபோது, பாய் அவர் சட்டையைத் தைத்து மருத்துவமனைக் கட்டிலின் மேல் தொங்கவிட்டார். தாதி, “இதென்ன அங்கிள்?” என்று கேட்க, “இது மெடல்மா” என்றார்.

எனக்கும் ஒரு பரிசு தந்தார். முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்து நான் எழுத்துக்கூட்டத் தொடங்கியவுடன், மன்றத்தின் பதாகையை நானே எழுதவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ‘முயற்சி’ என்ற ஒரே சொல். நான் முழுநாளும் உட்கார்ந்து ‘முயற்ச்சி’ என்று எழுதிவிட்டேன். திடலில் ஒரு தமிழாசிரியை பார்த்துவிட்டு, “ஒரு ச் கூட இருக்கே” என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. பதாகையைச் சுருட்டப் போனேன். பாய் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க அண்ணே. மத்தவங்களவிட நீங்க ஒரு ச் கூடுதலா முயற்சி பண்ணியிருக்கீங்க.”

அந்தப் பதாகைதான் இன்றும் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கூடுதல் ச் இன்னும் அதிலேயே நிற்கிறது.

அப்படிப்பட்ட மனிதர் போய்விட்டார்! இனி யார் தைப்பார்? நழுவவிட்டவனின் முன்னால் இனி யார் போய் நிற்பார்?

நண்பர்களே, நான் அழுவதற்காக மட்டும் இங்கே ஏறவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பாய் மறைந்தபின் காளைகள் இரண்டு சனிக்கிழமை திடலுக்கு வரவில்லை. நாளை மறுநாளும் வராவிட்டால் லீக்கிலிருந்து குழுவின் பெயரை எடுத்துவிடுவார்கள். முந்தாநாள் இரவு சுந்தரேசன் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: “கீத் வரமாட்டேங்கிறான் அண்ணே. அவன் வராம மத்தவங்களும் வரமாட்டாங்க. பதினஞ்சு பேருக்கு எங்க போவேன்?” நான் எங்கே போவேன்? நான் ஓடட்டுமா? மாடிப்படி ஏறவே என் முழங்கால் கெஞ்சுகிறது. ஆட்டக்காரர்கள் இல்லாத குழுவுக்கு ஆதரவாளர் மன்றம் எதற்கு? யாருக்காகக் கத்துவோம்? வெறுந்திடலைப் பார்த்தா?

கீத் ஏன் வரவில்லை? ஊரறிய அதைச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். “சொல்லுங்க, எல்லாருக்கும் தெரியட்டும்” என்றார். சொல்கிறேன். பாய் தையல் இயந்திரத்தின் மேல் சாய்ந்து உயிர்விட்டபோது, அவர் கையில் இருந்தது கீத்தின் சட்டை.

நான் பூன் லேயில் கீத் வேலை செய்யும் பட்டறைக்கே போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நான்தான் சட்டைய அன்னிக்கே தைச்சுத் தரணும்னு சொன்னேன் அங்கிள். கொடுக்காம இருந்திருந்தா வீட்டுல படுத்திருந்திருப்பாரு. இனிமே அந்தச் சட்டைய எப்படிப் போடுறது?” என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

பதில் ஜரீனாவிடம் இருந்தது. நேற்று அவர் சொன்னதை, அவர் அனுமதியோடு, அப்படியே எழுதி வந்திருக்கிறேன்.

“வாப்பா அன்னிக்கு எனக்கு வீடியோ கால் பண்ணாரு அங்கிள். சட்டையத் தூக்கிக் காட்டுனாரு. ‘இந்தக் கிழிசலப் பாரும்மா, தோள்லேருந்து இடுப்பு வரைக்கும்! எப்படி ஆடியிருக்கான்!’னு சொல்லிச் சிரிச்சாரு. அப்படி அவரு சிரிச்சு நான் பார்த்து ரொம்ப நாளாச்சு.”

கேட்டீர்களா கீத்? உங்கள் சட்டை அவர் உயிரை வாங்கவில்லை. அவருடைய கடைசிச் சிரிப்பை வாங்கியது!

அந்தச் சட்டை இதோ, என் கையில் இருக்கிறது. ஜரீனா தந்தார். தோளிலிருந்து பாதிவரைக்கும் பாயின் தையல். நேராக, நெருக்கமாக, அச்சடித்ததுபோல் இருக்கிறது. அதற்குக் கீழே கிழிசல் அப்படியே திறந்து கிடந்தது. நேற்றிரவு அவருடைய நூல்கண்டிலிருந்தே சிவப்பு நூலை எடுத்தேன். ஊசியில் கோக்கவே ஒரு பாடு. விரலில் எத்தனை குத்து! மீதியை நான் தைத்து முடித்தேன். கோணல்தான். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. என் கையெழுத்தைப் போலவே இருக்கிறது. பாயின் தையல் எங்கே முடிந்தது, என்னுடையது எங்கே தொடங்கியது என்று இந்த மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்தே தெரியும். தெரியட்டும். மறைப்பதற்கா தைத்தேன்?

மறைந்த தலைவர் நெய்னா முகம்மது பாய் அவர்களே! உங்கள் படத்தின் முன்னால் இந்த மன்றம் உறுதி சொல்கிறது. எங்கள் கண்ணில் ஒளி இருக்கும்வரை நாங்கள் தைப்போம். என் கண் மங்கினால் முத்தாயி அம்மையார் தைப்பார். அவருக்குப் பின் ரிஸ்வானின் தந்தை தைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தட்டையும் கழுவுவோம். தோற்றாலும் கத்துவோம். எங்களால் முடியாதது ஒன்றுதான். எங்களால் ஓடமுடியாது. அதற்குக் கால் வேண்டும். அந்தக் கால்கள் கடைசி வரிசையில் இருக்கின்றன.

கீத் அவர்களே, இந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான் இங்கேயே நிற்கிறேன். எழுந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தாளில் இதற்குமேல் நான் எதுவும் எழுதவில்லை.