காரின் டிக்கியில் இருபது பெட்டி டைல்ஸ்

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. ரயில்வே கேட்டை ஒட்டி தரை டைல்ஸ் மொத்த வியாபாரம் செய்கிறேன். கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். சைக்கிளில் இரண்டிரண்டு பெட்டியாகக் கட்டிக்கொண்டு போய் விற்றுத் தொடங்கியவன். என் கடையில் சுமை ஏற்றுபவரின் மனைவி கொடுத்த புகாரின்பேரில் காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன்.

என் மனைவியின் தம்பி மூன்று மாதம் முன்பு புதிய கார் வாங்கினார். அதிலிருந்து எனக்கு நிம்மதியாக ஒரு வேளை சாப்பாடு இல்லை. வரும்போதெல்லாம் காரின் விவரப் புத்தகத்தோடு வந்து உட்காருவார். என் வேன் எழுபது குதிரைத்திறன், அவர் கார் நூற்றிருபது. வேனில் ஏசி இல்லை, காரில் பின்சீட்டுக்கும் ஏசி. முக்கால் டன் சுமை, பின்சக்கர இழுவை, தரையிலிருந்து உயரம் என்று நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. என் மனைவியும் அவரோடு சேர்ந்துகொண்டு, வேனை விற்றுவிடச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மச்சினன் என் கடைக்கு வந்து, காரின் டிக்கியைத் திறந்து காட்டினார்.

“ஐந்நூத்திப் பத்து லிட்டர் மாமா! நீங்க வேன்ல ஏத்துற இருபது பெட்டியும் உள்ள போயிடும்.”

“நான் என்ன பால் வியாபாரமா பண்றேன், லிட்டர்ல அளக்க?”

“ஏத்தித்தான் பாருங்களேன். பயமா?”

கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் இருவர் சிரித்தார்கள். அதன் பிறகு ஏற்றச் சொன்னேன். ஒரு பெட்டி இருபத்தெட்டு கிலோ. இடம் இருந்தது என்பது உண்மை. ஆனால் இருபதாவது பெட்டி வைத்தபோது காரின் பின்பக்கம் உட்கார்ந்து, முன்பக்கம் வானம் பார்த்தது. “போதும் முதலாளி, வண்டி முனகுது” என்றார் சுமை ஏற்றுபவர். “அதெல்லாம் போகும்ணே, நகருங்க” என்று மச்சினன் உள்ளே ஏறி ஸ்டார்ட் செய்தார்.

பெட்டிகள் போக வேண்டிய கிடங்குக்குக் கடையை ஒட்டிய சாய்தளம் வழியாகத்தான் ஏற வேண்டும். வேன் ஏறும்போது ஒருவர் மரக்கட்டையோடு பின்னால் நடப்பது எங்கள் கடை வழக்கம். வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போடுவார். சுமை ஏற்றுபவர் காருக்கும் அப்படியே நடந்தார். காரை இழுப்பது முன்சக்கரம், பாரமெல்லாம் பின்னால். பாதி ஏற்றத்தில் முன்சக்கரங்கள் சும்மா சுழன்று ரப்பர் கருகும் வாடை வந்தது. அதன் பிறகு கார் பின்னால் வழுக்கியது. அவர் கட்டை போடக் குனிந்தார். வேனுக்கு அடியில் கை நுழைய தாராளமாக இடம் இருக்கும். காரின் பம்பரோ தரையை உரசிக்கொண்டிருந்தது. கட்டை நுழையவில்லை. பம்பர் கட்டையைத் தள்ளி, கட்டை அவருடைய வலது பாதத்தை ஓரச் சுவரோடு சேர்த்து நசுக்கியது.

அவர் கத்தவில்லை. “பெட்டிய எறக்குங்க முதலாளி, எறக்குங்க” என்றுதான் சொன்னார். நானும் வாடிக்கையாளர்களும் ஒவ்வொன்றாக இறக்கினோம். இருபதையும் இறக்கிய பிறகே கார் முன்னால் நகர்ந்தது. அதன் பிறகு அவரை வேனில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பாதத்தில் இரண்டு எலும்பு முறிவு. இனிச் சுமை தூக்க முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் மச்சினன் வீட்டுக்கு வந்தார். “அவரே தானா போய் நின்னார்னு சொல்லிடுவோம் மாமா. ரெண்டு பேரும் தப்பிச்சிடலாம்.” என் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தார். மச்சினன் இங்கே அப்படித்தான் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அப்படி முடிந்தால் காயம்பட்டவருக்கு இழப்பீடும் கிடையாது, பழியும் அவர் தலையில்.

அவர் தானாகப் போய் நிற்கவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போகச் சொன்னது நான். அந்தக் கார் ஏறாது என்பதும் எனக்குத் தெரியும். பத்தாவது பெட்டியிலேயே தெரியும். வாடிக்கையாளர்கள் முன்னால் அது பாதியில் நிற்கட்டும் என்றுதான் மிச்சம் பத்தையும் வைக்கச் சொன்னேன்.

இதை இப்படியே எழுதட்டுமா என்று எழுத்தர் இரண்டு முறை கேட்டார். இப்படியே எழுதச் சொன்னேன். எழுதியதை வாசிக்கக் கேட்டேன். அத்தனையும் என் வாயால் சொன்னது, உண்மை, மாற்ற ஒன்றுமில்லை.

(ஒப்பம்)
டைல்ஸ் கடை உரிமையாளர்