மாலைதீவுக்கு ஏழு நாள்

மாலைதீவுக்குப் போகிறவர்கள் செய்கிற முதல் பிழை, தேவைக்கு மேல் உடுப்புக் கொண்டுபோவதுதான் சேர். ஏழு நாளைக்கு நாலைந்து பருத்திச் சட்டை போதும். மடிக்கக் கூடாது, சுருட்டி அடுக்க வேண்டும். ஈர உடுப்புக்குத் தனியாக ஒரு பை. வெயிலுக்குப் பூசும் கிறீமை இங்கேயே வாங்கிவிட வேண்டும், அங்கே நெருப்பு விலை. பதினொரு வருடமாக மட்டக்களப்பு ரவுனில் விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நான் ஒரு நாளும் பிளேன் ஏறியதில்லை. ஆனால் என் சொல் கேட்டுப் போனவர்கள் யாரும் அந்தரப்பட்டதில்லை.

என் தங்கச்சி டினோஷாவின் பெட்டியையும் நான்தான் அடுக்கினேன். மாப்பிள்ளை மேர்வினுக்குத் துபாயில் வேலை. கோயிலில் கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் மாலைதீவு, அங்கே ஏழு நாள், அங்கிருந்து நேரே துபாய். இரண்டு வருடத்துக்கு ஊர்ப் பக்கம் வர லீவு கிடைக்காது என்று மேர்வின் சொன்னார். எல்லாரும் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். நான் மட்டும் இரண்டு வருடத்துக்கு எத்தனை இரவென்று எண்ணினேன்.

டினோஷாவுக்குப் பதினாலு வயதில் வலிப்புத் தொடங்கியது. அப்பா இல்லை. அம்மா எமிலி பயந்த மனுசி, செபமாலையைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்று அழுவா. நான்தான் தங்கச்சியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, கண் முழிக்கும் வரை பக்கத்தில் இருப்பேன். கிளினிக்கில் தந்த மருந்துக் குளிசையால் பிறகு அது நின்றது. ஒரு நாளும் விடக் கூடாது, விட்டால் முன்னையதைவிட மோசமாக வரும், தண்ணீருக்குள் வந்தால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னபோது நான்தான் முன்னால் இருந்தேன். பதின்மூன்று வருடம், ஒவ்வொரு இரவும் சாப்பாடு முடிய, அவள் உள்ளங்கையில் அந்தக் குளிசையை வைத்தேன். எனக்கு வந்த கலியாணப் பேச்சுக்கால்களை எல்லாம் வேண்டாமென்றதும் அதற்காகத்தான். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்த வலிப்பு வருத்தத்தைச் சொல்லவில்லை. அம்மாதான் மறித்தா. "வாயத் திறந்திராத புள்ள. இது வெளிய தெரிஞ்சா மறுகா ஆரு இவளக் கட்டுவான்?" ஆகவே குளிசையை ஒரு விற்றமின் போத்தலுக்குள் போட்டு வைப்பதென்று தீர்மானித்தோம். அந்த யோசனை என்னுடையது.

மருந்தை அதன் சொந்தப் பெட்டியில், டாக்டர் எழுதித் தந்த துண்டோடு, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். அலுவலகத்துக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லுவேன். தங்கச்சிக்கு மட்டும் சொல்லவில்லை.

பெட்டி அடுக்கும்போது அவள் கட்டிலில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "உன்னையும் இந்தப் பெட்டிக்குள்ள சுருட்டி வெச்சுக் கொண்டுபோகப் போறன்கா. நீ இல்லாம எனக்கு ஆருகா குளிசை தாறது?"

"போத்தலுக்க இருக்கு. நீயே எடுத்துப் போடு."

"உன்ட கையால தந்தாத்தான் அது வேலை செய்யும்."

அப்படிச் சொல்லி என் தோளில் சாய்ந்தாள். அந்தப் போத்தலுக்குள் விற்றமின்தான் இருந்தது சேர். வலிப்புக் குளிசையை எடுத்து என் அலுமாரியில் வைத்திருந்தேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம்.

சாகட்டும் என்று செய்யவில்லை. ஒரு தரம் வலிப்பு வரும், மாப்பிள்ளை காண்பார், ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபித்து அவளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஊர் நாலு நாள் கதைக்கும். பிறகு நானும் அவளும் முன்னைப் போல இருப்போம்.

ஹோட்டலில் இருந்து வந்த படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். கடலில் இறங்குகிறவர்களுக்கு வலிப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று போட்டேன்.

நாலாம் நாள் மேர்வின் மாலைதீவிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, நாளைக்கு முருகைக்கல், மீன் எல்லாம் பார்க்கக் கடலுக்க இறங்கப் போறம். இவவுக்குச் சாடையாத் தலையிடி. கொத்தமல்லி தேடி அவிச்சுக் குடுத்தன். வேற என்னக்கா குடுக்கலாம்?"

அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தம்பி, அவளுக்கு வலிப்பு இருக்கு, கடலுக்க விடாதீங்க என்றால் முடிந்தது. ஆனால் ஒரு தலையிடிக்கு அந்நிய ஊரில் கொத்தமல்லி தேடுகிற மனுசன் சேர் அவர். வருத்தம் தெரிந்தால் கோபிக்க மாட்டார். தன் கையாலேயே குளிசை கொடுப்பார். அவளைத் திருப்பி அனுப்பவே மாட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கையில் அது எனக்கு வெளிச்சமாகத் தெரிந்தது.

"ஒண்டும் வேணாம் தம்பி. கவனமாப் போயிட்டு வாங்க" என்றேன்.

அடுத்த நாள் பகல், இடுப்பளவு தண்ணீரில், மேர்வின் நீச்சல் கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிற நேரத்துக்குள் வலிப்பு வந்து எல்லாம் முடிந்துவிட்டது. எட்டாம் நாள் பெட்டியில் கொண்டுவந்தார்கள். அம்மா பிரேதத்தைக் கட்டிப்பிடித்து, "குளிசை போடல்லியாடி மகளே" என்று கத்தினா. அவளுக்கு வருத்தம் இருந்ததே அப்போதுதான் மேர்வினுக்குத் தெரியும். தன் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் போட்டாளே என்று அவர் போத்தலை எடுத்து வந்தார். அதைத்தான் பொலிசில் உங்களிடம் தந்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், நல்ல பிள்ளை.

நான்தான் மாற்றினேன், நான்தான் மறைத்தேன், தடுக்க முடிந்தபோது தடுக்கவில்லை. அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். நான் அழவில்லை என்று அம்மா நினைக்கிறா. அழாத நாளில்லை. ஆனால் அவளைப் புதைத்த சேமக்காலை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை சேர். நேற்று வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் போய்ப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன். துபாய் என்றால் முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.