நல்ல தண்ணீர்ப் பக்கம்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் கைகழுவும் குழாய் சொட்டுகிறது, மேடம். உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். பத்து நிமிட வேலை. இப்போதெல்லாம் குழாய் சொட்டினால் முழுசாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதை மாட்டிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. ஓசூரில் ஒரே கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். பெயர் குருமூர்த்தி, வயது அறுபத்து மூன்று என்று ஏட்டையா எழுதிக்கொண்டார். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. தண்ணீர் மட்டும் வேண்டாம், அப்புறம் குடித்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் கீழே நானும் என் மனைவி சரோஜம்மாளும் இருக்கிறோம். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். போன ஆவணியில் பிரேம்குமார் குடிவந்தான். சூளகிரிப் பக்கம் புது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. மனைவி கவிப்ரியா, நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. சொந்த ஊர் சாமல்பட்டி என்றான். எனக்கும் ஊத்தங்கரைப் பக்கம்தான், ஊர்க்காரப் பையனாயிற்றே என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டேன். வேறு எதுவும் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும் என்று சரோஜம்மாள் இன்றைக்கும் சொல்கிறாள்.

நல்ல மாதிரியான குடும்பம்தான், அதை நான் மறுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கவிப்ரியா ராகிக் களியும் கோழிக் குழம்பும் கொண்டுவந்து வைப்பாள். பாப்பா 'தாத்தா' என்று ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்ளும். தான் கடித்த முறுக்கில் பாதியை என் வாயில் திணிக்கும். நானும் தின்றிருக்கிறேன். வாயைத் துடைத்துக்கொள்கிறேன். ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் ஊத்தங்கரையில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் ஒரு கிழவன் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கரியப்பன். எங்கள் அப்பா காலத்தில் எங்கள் காட்டில் பண்ணையாளாக இருந்தவன். கொட்டாங்குச்சியில் தண்ணீர் வாங்கிக் குடித்தவன்.

"சின்னையா, சௌக்கியமாங்க? எம் பையன் பிரேமு ஒங்க வூட்டு மாடியிலதான் குடியிருக்கறானாம். பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கறீங்கன்னு மருமவ சொல்லிச்சுங்க. நீங்க நல்லாயிருக்கோணும்."

சந்தோஷம்ப்பா என்றேன். பிறகு மண்டபத்துக்குப் பின்னால் போய் வாயில் விரலை விட்டுக் கக்கப் பார்த்தேன். ஐந்து மாதத்துக் களியும் குழம்பும் எப்படி வரும்? வெறும் புளிச்ச தண்ணீர்தான் வந்தது.

தவறாக நினைக்காதீர்கள், நான் சாதி பார்க்கிறவன் இல்லை. கம்பெனி கேண்டீனில் எல்லாரோடும் ஒரே டேபிளில் உட்கார்ந்து சாப்பிட்டவன். கரியப்பனைப் பார்த்த பிறகும் அவர்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநாகரிகம். களியை மட்டும் வாங்கி, அவள் படியேறியதும் குப்பையில் கொட்டினோம். பாத்திரத்தைச் சரோஜம்மாள் குச்சியால் தள்ளிக் கழுவினாள். யார் மனமும் நோகவில்லை.

அடுத்த வாரம் எங்கள் சமையலறையில் நல்ல தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. எங்கள் ஏரியாவில் வீட்டுக்கு இரண்டு டேங்க் உண்டு. ஒன்றில் ஒகேனக்கல் தண்ணீர், குடிக்க. இன்னொன்றில் போர்த் தண்ணீர், உப்பு, புழங்க. சமையலறை மிக்சர் குழாயில் சுடுதண்ணீருக்கு ஒரு பைப், பச்சைத் தண்ணீருக்கு ஒரு பைப் என்று கம்பெனிக்காரன் கொடுத்திருப்பான். நாங்கள் இடது பக்கம் நல்ல தண்ணீரையும் வலது பக்கம் உப்புத் தண்ணீரையும் கொடுத்துக்கொள்வோம். ஒரே கைப்பிடி, இந்தப் பக்கம் திருப்பினால் இது, அந்தப் பக்கம் திருப்பினால் அது.

கம்பெனியில் 'ஒய்-ஒய் அனாலிசிஸ்' என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு கோளாறு வந்தால் ஐந்து தடவை 'ஏன்' கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனில்தான் உண்மையான காரணம் கிடைக்கும். நான் அதில் பரிசு வாங்கியவன். நல்ல தண்ணீர் ஏன் கரிக்கிறது? மேல்வீட்டு மிக்சருக்குள் ரப்பர் தேய்ந்து, உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர்ப் பைப்புக்குள் தள்ளுகிறது. அது ஏன் என் வீட்டுக்கு வருகிறது? இரண்டு வீட்டுக்கும் ஒரே பைப். ஏன் திரும்பி இறங்க முடிகிறது? நடுவில் ஒருவழி வால்வு இல்லை. மூன்றே கேள்வியில் விடை கிடைத்துவிட்டது. குழாய்க்குள் தண்ணீரைத் திறந்து அடைக்கிற உருளை, கார்ட்ரிட்ஜ் என்போம், அதைப் புதிதாகப் போட்டு, பைப்பில் ஒரு வால்வு வைத்தால், மொத்தம் முக்கால் மணி நேர வேலை.

ஆனால் மேடம், அந்த மூன்றாவது பதிலிலேயே என் மனசு நின்றுவிட்டது. அவர்கள் குழாய்க்குள் போன தண்ணீர் திரும்பி இறங்கி என் தம்ளருக்கு வந்திருக்கிறது. எத்தனை நாளாக வந்ததோ தெரியாது. சாமி படத்துக்கு முன்னால் வைக்கிற தீர்த்தமும் அதுதான். நான் பதினான்கு தடவை வாய் கொப்பளித்தேன்.

கவிப்ரியாவே அன்று காலையில் இறங்கி வந்தாள். "அங்கிள், கிச்சன் கொழா ரொம்ப டைட்டா இருக்குதுங்க. ரெண்டு கையால திருப்பினாலும் சொட்டறது நிக்கவே மாட்டேங்குது. யாராச்சும் பிளம்பரக் கூப்புடட்டுங்களா?"

"பிளம்பர் எதுக்கும்மா, நான் இருக்கறப்போ?" என்றேன்.

அவர்கள் வேலைக்கும் பாலர் பள்ளிக்கும் போன பிறகு, சாவி வாங்கிவைத்திருந்தேன், கையுறை போட்டுக்கொண்டு மேலே போனேன். குழாயைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாக உப்புக் கட்டி, அதன் மேல் கறுப்பாகப் பாசி, குழாய் வாயில் ஒரு சோற்றுப் பருக்கை. இடுக்கியால் எடுத்து வெளியே எறிந்தேன். அவர்கள் வீட்டுச் சோற்றுப் பருக்கை. இருந்தாலும் வேலையில் நான் குறை வைப்பதில்லை. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து உப்பைச் சுரண்டினேன், புது கார்ட்ரிட்ஜ் போட்டேன், கிரீஸ் தடவினேன். சுண்டுவிரலால் தொட்டால் திரும்புகிற மாதிரி ஆக்கிவைத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து, நல்ல தண்ணீர்ப் பைப்பை அறுத்து மூடினேன். அவர்களுக்கும் எங்களுக்கும் இனிமேல் ஒரே பைப் இருக்கக் கூடாது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் மிக்சரின் இடது பக்கத்துக்கு ஏதாவது தண்ணீர் கொடுத்தாக வேண்டுமே. சுவருக்கு வெளியே பின்பக்கத்தில் இன்னொரு பைப் போகிறது. மொட்டைமாடியில் இருக்கும் சின்ன டேங்கிலிருந்து செடிகளுக்கும் கக்கூசுக்கும் போகிற லைன். அதில் ஒரு கிளை எடுத்து இணைத்துவிட்டேன்.

அந்தச் சின்ன டேங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர்ப் பஞ்சம் வந்த வருடம் நானே யோசித்துக் கட்டியது. நானும் சரோஜம்மாளும் குளித்து ஓடுகிற தண்ணீர் ஜல்லி, மணல், கரி வழியாக இறங்கி, மோட்டாரில் மேலே ஏறும். கண்ணாடி மாதிரி இருக்கும். மாதம் ஒரு தடவை மணலைக் கிளறினால் போதும். மேலே ஓர் ஆடை படிந்திருக்கும், முடி, சோப்பு, சரோஜம்மாளின் மூட்டுவலித் தைலம், உடம்பழுக்கு. எங்கள் உடம்பழுக்குத்தான், வேறு யாருடையதும் இல்லை. நான் வெறுங்கையால் வழித்துப் போடுவேன்.

இரண்டு நாள் கழித்துக் கவிப்ரியா, "தண்ணி லேசா சோப்பு வாசம் அடிக்குதுங்க அங்கிள்" என்றாள். புது ரப்பர் வாசனை, போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். அவர்கள் எப்போதும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்பார்கள். அது எனக்குத் தெரியும், அதனால் ஒன்றும் ஆகாது என்றுதான் இருந்தேன். நான் நினைக்காமல் விட்டது குழாயின் கைப்பிடியை. அதற்கு முன்னால் அந்தக் குழாயைப் பாப்பாவால் அசைக்கக்கூட முடியாது.

"நீங்க செஞ்சு குடுத்ததுக்கு அப்பறம் எவ்ளோ ஈசியா இருக்குது தெரியுங்களா. பாப்பாவே ஸ்டூல் மேல ஏறி, தொறந்து, புடிச்சுக் குடிக்கறா. தாத்தா கொழான்னு பேரு வெச்சிருக்கா" என்று சிரித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் மாற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும், அவர்கள் மனசு கஷ்டப்படும். அதனால் சொல்லவில்லை.

பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. பிறகு ரத்தமாகப் போனது. இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கிருமி கிட்னிக்குப் போய்விட்டது என்றார்கள். நான் இளநீர் வாங்கிக்கொண்டு போனேன். வார்டுக்குள் போகவில்லை, நர்சிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது. சாமல்பட்டிக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

தண்ணீரைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் பிரேம்குமார் திரும்பி வந்து தொட்டிக்கு அடியில் கையை விட்டான். புது பைப்பை விரலால் தடவிக்கொண்டே சுவரைத் தாண்டி, மொட்டைமாடிக்கு ஏறி, சின்ன டேங்குக்கு முன்னால் வந்து நின்றான். நானும் பின்னால் போய் நின்றேன். அவனும் எஸ்டேட்டில் அதே ஒய்-ஒய் பயிற்சி எடுத்தவன். கத்தவில்லை.

"இந்த லைன ஏன் இதுல குடுத்தீங்க?"

"உங்க குழாயிலிருந்து தண்ணி கீழே வந்தது."

"வந்தா ஒரு வால்வு போட்டா நின்னிருக்குமே. ஏன் போடல?"

"வால்வு ஒருநாள் பழுதாகும்ப்பா."

"ஆவட்டும். எங்க கொழாத் தண்ணி ஒங்க வூட்டுக்கு வந்தா ஏன் ஆவாது அங்கிள்?"

அவன் அதற்கு மேல் இன்னொரு 'ஏன்' கேட்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்து, கையை விட்டு அள்ளி, முகர்ந்து பார்த்தான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அவ்வளவு அருவருப்பு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

ஏட்டையா எழுதியதை இப்போது வாசித்துக் காட்டினார். பைப்பை மாற்றியது நான்தான். தெரிந்தே மாற்றினேன். குழந்தை அதைக் குடிக்கும் என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாப்பா அதைக் குடித்துத்தான் செத்தது. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். 'அசுத்தமான தண்ணீர்' என்று எழுதியிருக்கிறார். அது நான் குளித்த தண்ணீர், மேடம்.