சத்து உருண்டையும் சக்கர மாத்திரையும்

...மெஷினு தான் சார் பொய் சொல்லுது, நான் இல்ல! ஸ்வீட்ட கண்ணால பாத்து ஆறு மாசம் ஆவுது. டீல சக்கர கெடையாது. மத்தியானம் சோறு, தோ, இந்தக் கைப்பிடி. கம்பங்கஞ்சி, வெள்ளரிக்கா, இன்னா சொன்னாலும் செய்றேன். அப்பவும் அந்த சத்யப்ரியா பொண்ணு வெரல்ல குத்திட்டு, "சுகர் ஏறியிருக்கு பாப்பாக்கா"ன்றா. இன்னா நாயம் இது?

குந்து சார், அந்த ஐஸ் பொட்டி மேல குந்து. ஈரம் இல்ல. கொஞ்சூண்டு தான் ஈரம். சங்கரா மீனு கொயம்புக்கா, வறுக்கவா? ரெண்டுக்குமா? செரி, தலைய தனியா போட்றேன்.

எந்தப் பொண்ணுன்னு கேக்குறியா? மாடம்பாக்கம் கோயில் தெரு முனையில சனிக்கெயம ஒரு வெள்ள வண்டி நிக்குமே, பாத்ததில்ல? ஏதோ மெடிக்கல் காலேஜாம். சக்கர வியாதிக்காரங்க வூட்டுல ஒடம்ப எப்டிப் பாத்துக்கறாங்கன்னு ஆராய்ச்சி. சத்யப்ரியா அந்த வண்டிப் பொண்ணு. நல்ல பொண்ணு தான், ஆனா கேள்வி கேட்டே கொன்னுடும். புண்ணு கீதான்னு கால தெனம் கண்ணாடி வெச்சிப் பாக்கணுமாம். மூஞ்சியவே பாக்க நேரமில்ல, கால எங்க பாக்கறது? மீன் தண்ணியில நிக்கிறவ நானு!

வவுத்தெரிச்சல் இன்னான்னா, எங்க வூட்டு ஓனர் சக்திவேலு. நெல்லு போட்ட எடத்துல மூணு மாடி கட்டி வாடகைக்கு வுட்ருக்காரு. அவரும் இதே ஆராய்ச்சில கீறாரு. ராத்திரியில அந்தாளு பரோட்டாவப் பிச்சிப் போட்டுத் துன்றத இந்தக் கண்ணால பாத்தேன் சார். அவருக்கு எறங்கிடுச்சாம்! எனக்கு ஏறுதாம்! நான் ஒயைக்கிற ஒயைப்புக்கு...

அதான் சார் பேஜாரு. இன்னிக்குப் பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணு கடைக்கே வந்து குத்துது. இந்த வாட்டியும் எறங்கலன்னா இன்சுலின் ஊசின்னு டாக்டரு சொல்லி அனுப்பிச்சிட்டாரு. தெனம்! எனக்கு நானே வவுத்துல குத்திக்கணுமாம். சிரிக்காத சார். மீன வெட்றது வேற, நம்மள நாமளே குத்திக்கறது வேற.

செவுளு எடுத்துட்டேன், பாரு, ரத்தம் மாரி செவப்பு. இதான் நல்ல மீனு. ரத்தம்னவொடனே... எம் பொண்ணு உதயா, ஒம்பதாவது படிக்குது, அதுக்கு ரத்தம் கம்மின்னுட்டாங்க சார். அந்த வண்டிலயே வயசுப் பொண்ணுங்க சாப்பாட்டுக்குன்னு இன்னோர் ஆராய்ச்சி கீது, அதுல சேத்துகினு தெனம் துன்ன உருண்ட குடுக்கறாங்க. கபடி டீமு அது. ரெய்டு போனா மூச்சு வுடாம ஆடுற பொண்ணு, இப்போ ரெண்டு தபா ஓடுனா கோட்டுக்கு வெளிய வந்து குந்திக்குது. "உருண்டையெல்லாம் ஒழுங்கா துன்னுதா, ரத்தம் ஏறவே மாட்டேங்குதே"ன்னு அந்த ஆராய்ச்சி மேடம் போன் பண்ணி மண்டைய ஒடச்சிக்குது. நான் இன்னா சொல்றது?

ஒரு நிமிட்டு சார். மாத்திர டைமு. கையத் தொடச்சிக்கறேன். இத்த முழுங்கிட்டு, மேல இதயும் போட்டுக்கணும்... ம்ம்...

இதுவா? இது சத்து உருண்ட. எள்ளு, கல்ல, கேவுரு, எல்லாம் போட்டுப் புடிச்சது. நல்லாருக்கும், வேணுமா? இல்ல இல்ல, எனக்குக் குடுத்ததில்ல. உதயாவோடது. அது துன்னாது சார். வெயிட்டு ஏறுனா டீம்ல எடுக்க மாட்டாங்கன்னு பயம். எங் கஞ்சியயும் வெள்ளரிக்காயயும் துன்னுட்டு, இத்த வெச்சிட்டுப் பூடும். காலி கவர எண்ணித் தான் அந்த மேடம் கணக்கு வெச்சிக்குது. உருண்டய வீசவா முடியும்? நான் தெனம் ரெண்டு போட்டுகினு, கவர கயுவிக் காய வெச்சி ஒயுங்கா குடுத்துடுவேன்.

இன்னா சார் அப்டிப் பாக்குற?

அட, ரெண்டும் ஒரே வண்டியில தான வருது! ஒரே காலேஜு, ஒரே முத்திர. மாத்திர குடுக்குறவன் கெட்டதா குடுப்பான்? சத்து தான, மாத்திரைக்குத் தொணையா இருக்கும்னு தான்...

வெல்லமா? வெல்லம் போட்ருக்கு, ஆமா. வெல்லம் போடாம உருண்ட புடிக்க வருமா? வெல்லம் சக்கர இல்லியே சார். கருப்பா கீது...

இல்ல?

அய்யோ.

அப்போ நான் தெனம்... இரு சார். அப்போ அதுக்கு ரத்தம் ஏறாதது... கோட்டுக்கு வெளிய வந்து குந்திக்கறது...

எம் பொண்ணு சோத்த நான் துன்னுகினு கீறேனா சார்?

விடிகாலையில ஏலத்துக்குப் போயி, வெயில்ல குந்திகினு, யாருக்காவ ஒயைக்கிறேன் நான்? அந்த மேடமாண்ட, "ஒண்ணு கூட மிச்சம் வெக்காம துன்னுது மேடம்"னு பெரும வேற பேசுனேனே...

தோ, ஸ்கூட்டில வருது பாரு சத்யப்ரியா. சார், ஒரு ஒதவி. நீ எட்த்து சொல்லு. நீ சொன்னா பதமா சொல்லுவ... சார்? எங்க எய்ந்துக்கற? சார்! மீனத் தூக்கிகினு எப்டிப் போறான் பாரு. இவ்ளோ நேரம் நல்லாத் தான் கேட்டுகினு இருந்தான்...

வாம்மா சத்யா. இந்தா வெரலு. இரு இரு, குத்தாத. ஒண்ணு சொல்லணும், சொன்னப்பறம் திட்டிக்கோ. எனக்கு ஏறுறதுக்கும் உதயாவுக்கு ஏறாததுக்கும் நீ காரணம் தேடாத. உருண்ட மொத்தமும் துன்னது நான். ஆமா, மொத்தமும். கவர மட்டும் தான் ஒயுங்கா குடுத்தேன். உங்க ரெண்டு ஆராய்ச்சியயும் நான் ஒருத்தியே கெடுத்துட்டேன். அந்த மேடமாண்டயும் சொல்லிடு, என்னத் திட்டட்டும், எம் பொண்ண ஒண்ணும் சொல்ல வேணாம்.

வாயப் பொத்திகினு சிரிக்கிறியா நீ? சிரி, சிரி. ஆனா இது கேளு. இப்போ நீ குத்துனா அதுல வர்றது என் நம்பரு இல்லம்மா. எம் பொண்ணுக்குப் போய்ச் சேர வேண்டியது. சாயங்காலம் அவ ஸ்கூல் விட்டு வர்சொல்ல நீ வூட்டாண்ட வா. ரெண்டு உருண்டயில வெயிட்டு ஏறாதுன்னு நீ சொன்னா கேப்பா. என் கண்ணு முன்னாடி துன்னட்டும்.

ஊசியா? பத்து நாள் எனக்கு டைம் குடுக்கச் சொல்லு டாக்டர. சரி, குத்து. நடந்தது நடந்துபோச்சி, எழுதிக்கோ.

ஸ்ஸ்... இன்னா காட்டுது?

முன்னூத்தி பத்தா! யம்மாடி... அந்த உருண்டையில அவ்ளோ தெம்பா கீது? அத்தனையும் போட்டுகினா எம் பொண்ணு எதிர் டீம ஒத்தயா தூக்கினு வந்துடுவாளே!